ஒரு ஆள் கூடுதல்

பாலாறு என்ற பெயர் மட்டும் ஓடிக்கொண்டிருந்த மணலுக்குத் தெற்கே கரிக்கல்பேட்டை என்று ஒரு ஊர். அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போவதும், போனவர் பதினேழு வருஷமோ இருபத்திரண்டு வருஷமோ கழித்து ஒரு தகரப் பெட்டியோடும் இரண்டு கம்பளியோடும் திரும்பி வருவதும், வந்த ஆறு மாசத்துக்குள் ஏதாவதொரு ஏடிஎம் வாசலிலோ தொழிற்சாலை கேட்டிலோ நீல உடுப்பு மாட்டிக்கொண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவதும் வெயில் மழை மாதிரி வழக்கமாக நடக்கிற காரியம். அப்படித்தான் ஹவில்தார் தணிகாசலமும் தம்முடைய நாற்பத்தொன்றாவது வயதில், சித்திரை மாசத்து வெயில் ரோட்டைக் காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், வேலூரிலிருந்து ஊருக்கு பஸ் ஏறினார். அவரோடு இன்னொருவரும் ஏறியிருந்தார் என்பதை முதலில் கண்டுபிடித்தது அந்த பஸ்ஸின் கண்டக்டர்.

டிக்கெட் நாற்பத்திரண்டு கிழித்திருந்தார் கண்டக்டர். தலை நாற்பத்து மூன்று இருந்தது.

"யாருப்பா அது, டிக்கெட் எடுக்காத புண்ணியவான்? தானா எழுந்து நின்னா மரியாதை."

எல்லோரும் டிக்கெட்டைத் தூக்கிக் காட்டினார்கள். டிக்கெட்டுகளை எண்ணினார், நாற்பத்திரண்டு. தலைகளை ஒவ்வொன்றாகப் பேனாவால் தொட்டுத் தொட்டு எண்ணினார், நாற்பத்து மூன்று.

"என் கூடையில கீற கோழிய எண்ணிட்டியா பாரு நைனா" என்றாள் ஒரு அம்மாள்.

"அதுக்கும் சேத்துதான் உனுக்கு டிக்கெட் போட்டேன், சும்மா இரும்மா."

கரிக்கல்பேட்டையில் நான்கு பேர் இறங்கினார்கள். உள்ளே மிச்சத்தை எண்ணினால் முப்பத்தெட்டு, அணுவளவு பிசகில்லை. கண்டக்டர் படியில் நின்று கீழே பார்த்தார். புழுதியில் நின்ற நான்கு பேரை எண்ணினார். ஐந்து வந்தது. "எறங்கிட்டான் இல்ல, அது போதும்" என்று சொல்லி விசில் ஊதிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் தணிகாசலத்தின் மனைவி கோமளாவுக்கு இது மூன்றாம் நாள் தெரிந்தது. அவள் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள். காலை ஏழரைக்கு கம்பெனி வேன் வந்துவிடும் என்பதால் எதையும் இரண்டு தரம் செய்ய அவளுக்கு நேரம் கிடையாது. தனக்கும் மகள் நிவேதாவுக்கும் புருஷனுக்குமாக மூன்று தட்டு வைத்தாள். பார்த்தால் மூன்று, எண்ணினால் நான்கு. ஒன்றை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்து எண்ணினாள், மூன்று. ஆனால் சோறு போடும்போது ஒருவருக்குத் தட்டு இல்லை. மறுபடியும் எடுத்துக்கொண்டு வந்தாள். "இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். அவ்வளவுதான், அதற்கு மேல் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சில்லை.

தணிகாசலத்துக்கு வேறொரு சந்தேகம் இருந்தது, அந்தக் கூடுதல் ஆள் தாம்தானோ என்று. பதினேழு வருஷம் வருஷத்துக்கு இரண்டு மாசம் விருந்தாளியாக வந்து போன வீடு அது. இப்போது அவர் எங்கே உட்கார்ந்தாலும் அது யாரோ வழக்கமாக நடக்கிற வழியாக இருந்தது. குழாயில் தண்ணீர் வருகிற நேரமும், டிவியில் எந்த நேரத்துக்கு எது என்பதும், எந்தத் தலையணை யாருடையது என்பதும் இரண்டு பேருக்கென்று எப்போதோ முடிவாகிவிட்டிருந்தன. அம்மாவும் மகளும் அவரைத் திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை, சுற்றிக்கொண்டு போனார்கள். ஏழரைக்கு ஒருத்தி, எட்டுக்கு ஒருத்தி என்று இருவரும் கிளம்பிப் போன பிறகு, ஐந்து மணிக்கே சவரம் செய்து, ஷூவுக்கு முகம் தெரிகிற மாதிரி பாலிஷ் போட்டு முடித்த ஒரு மனிதர், போவதற்கு ஒரு இடமில்லாமல் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஆனி மாசம் நிவேதா பிளஸ் ஒன் சேருகிறதற்கு விண்ணப்பம் நிரப்பினாள்.

"அப்பா வேலைன்னு கேட்டுக்கீறாங்கப்பா. இன்னா எழுதட்டும்?"

"எக்ஸ் சர்வீஸ்மேன்னு எழுதும்மா."

"அது முடிஞ்சிபோன வேலைப்பா. இப்ப பண்றத கேக்கறாங்க."

அவள் குத்திக் காட்டச் சொல்லவில்லை. பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நிஜமாகவே கேட்டாள். பிறகு அந்தக் கட்டத்தில் சின்னதாக ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனாள். பென்ஷன் வந்துகொண்டுதான் இருந்தது, சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் கோடு தணிகாசலத்தின் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றுவிட்டது. காலையில் போய் நிற்பதற்கு ஒரு இடம், "நீ வந்துட்டியா" என்று ஒருவர் கேட்பதற்கு ஒரு வேலை, அது கிடைத்தால் போதும் என்று அவர் புறப்பட்டார்.

முதலில் ஷூ கம்பெனி கேட். மூன்றாம் நாள் தீ விபத்து ஒத்திகை என்று மணி அடித்து எல்லோரையும் மைதானத்தில் நிறுத்தி எண்ணினார்கள். அடையாள அட்டை அறுநூற்றுப் பன்னிரண்டு, ஆள் அறுநூற்றுப் பதின்மூன்று. வெளியாள் யாரோ புகுந்துவிட்டான் என்று கழிவறை, குடோன், தோல் மூட்டைகளுக்கு அடியில் எல்லாம் தேடினார்கள். மறுநாள் ஹவில்தாரை கேண்டீனில் உட்கார வைத்துவிட்டு எண்ணினார்கள், சரியாக வந்தது. மேனேஜர் அவரை உட்காரச் சொல்லி காபி வரவழைத்தார்.

"உங்க மேல ஒரு குத்தமும் இல்ல சார். ஆனா செருப்பு வாங்கற வெளிநாட்டுக்காரங்க வருஷத்துக்கு ரெண்டு தரம் வந்து எண்ணிப் பாப்பாங்க. அவங்களுக்கு நான் இன்னான்னு சொல்லுவேன்?"

பிறகு ஒரு பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை. பிள்ளைகள் அவரிடம் சல்யூட் அடிக்கக் கற்றுக்கொண்டார்கள். நான்காம் நாள் தலைமை ஆசிரியை கும்பிட்டுவிட்டார். "ஒன்னு கொறஞ்சா தேடலாம் சார். ஒன்னு கூடினா, அத எந்த ஊட்ல கொண்டுபோய் விடறது?"

அதற்கப்புறம் ஒரு செக்யூரிட்டி ஏஜென்சி. அதன் முதலாளி இந்தக் காலத்துப் பையன், பேய் பிசாசெல்லாம் நம்பாதவன். கேமராவில் படம் பிடித்து, திரையில் நிறுத்தி, "பாருங்க அங்கிள், நீங்க மட்டும்தான் கீறீங்க" என்றான்.

"எண்ணுங்க தம்பி" என்றார் தணிகாசலம்.

பையன் விரலை நீட்டி எண்ணினான். இரண்டு. விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் எண்ணினான். அன்று சாயங்காலமே உடுப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

பார்த்தால் ஒருவர், எண்ணினால் இருவர். இதை ஊர் ஏற்றுக்கொள்ள இரண்டு மாசம்கூட ஆகவில்லை. டீக்கடை காதர்பாட்சா அவர் வந்து உட்கார்ந்ததும் இரண்டு கிளாஸ் வைப்பார். ஒன்று அவருக்கு, ஒன்று "உங்க ஆளுக்கு". அந்த இரண்டாவது கிளாஸ் ஆறிப்போய் ஏடு கட்டியதும் எடுத்து வேப்பமரத்தடியில் ஊற்றிவிடுவார். கூட வந்திருப்பது அவர்கள் குலசாமி என்றார்கள் சிலர். இல்லை, பிறக்காமல் போன இரட்டைப் பிள்ளை என்றார்கள் சிலர். மிலிட்டரி கேண்டீன் சரக்கு ஒன்று வாங்கினால் ஒன்று இலவசமாகத்தான் வரும் என்றார் காதர்பாட்சா. கல்யாணப் பந்தியில் அவருக்குப் பக்கத்தில் ஒரு இலை போட்டு, உப்பிலிருந்து பாயசம் வரை எல்லாம் வைத்து, பந்தி எழுந்ததும் மடித்து மாட்டுக்குப் போட்டார்கள். ரோடு கேட்டு மனு கொடுக்க நூறு பேர் வேண்டும், தொண்ணூற்றெட்டுதான் தேறுகிறது என்றால் ஆள் அனுப்பி அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எதைவிடவும் அவர் அதிகம் அலைந்தது பெண் பார்க்கத்தான். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது அல்லவா? அப்பனும் அம்மாவும் கிளம்புகிறார்கள், துணைக்கு ஒருவரைச் சேர்த்தால் மூன்றாகிவிடும், நான்காவது ஆளுக்கு எங்கே போவது என்றால் ஹவில்தாரை இட்டுக்கொண்டு போனால் முடிந்தது. அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு தெரியாத வீடுகளின் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, சொஜ்ஜியும் பஜ்ஜியும் தின்று, ஒரு வார்த்தை யாரும் கேட்காமல், ஒரு வார்த்தை தாமும் சொல்லாமல் திரும்பி வருவார்.

தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள்: "உங்க ஆளு நல்லா கீறாரா?"

"நல்லா கீறாரு" என்று சொல்லிவிட்டு நடப்பார். நீ நன்றாக இருக்கிறாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. அது அவர்கள் தப்புமில்லை, ஒருவர் இருக்கிறார் என்றால் அவரைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது, அவர்தான் கண்ணுக்குத் தெரிகிறாரே.

கூட இருப்பது யார் என்று தணிகாசலத்துக்குத் தெரியும். பட்டாளத்தில் கடைசி வருஷம், மரமும் பறவையும் இல்லாத, பனி தவிர வேறொன்றும் இல்லாத ஒரு மலை உச்சியில், அடுத்த காவல் சாவடிக்குப் போய்விட்டு ஆறு பேராகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ரோந்துக்குத் தலைவர் அவர். காற்று பனியைத் தூக்கி வீச ஆரம்பித்ததும் நீட்டிய கை தெரியவில்லை. எண்ணிக்கை சொல்லச் சொன்னார். ஒன்று என்று அவர் தொடங்க, இரண்டு, மூன்று என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தன, ஆறு என்றும் ஒரு குரல் வந்தது. வயர்லெஸ்ஸில் "ஆறு பேரும் சரி" என்று சொன்னார். மேலே அடுப்பு மூட்டிவைத்து அவர்களுக்காகக் காத்திருந்தார்கள். வாசலில் வந்து தொப்பியைக் கழற்றியபோது ஐந்து பேர் இருந்தார்கள். ஆறாவது ஆள் ஈரண்ணா, ராய்ச்சூர்ப் பக்கத்துப் பையன், வயது இருபத்து மூன்று, தூக்கத்தில்கூட அம்மாவிடம் ஜோளரொட்டி என்று அவர்கள் ஊர்ச் சோள ரொட்டி கேட்கிறவன். ஒன்பது நாள் தேடியும் கிடைக்கவில்லை. அந்த ஆறாவது குரல் காற்றின் சத்தம் என்று விசாரணையில் எழுதினார்கள். காற்றுக்கு எண்ணத் தெரியாது. அந்த ஆறைச் சொன்னது பையனா, கதகதப்புக்குப் போய்ச் சேருகிற அவசரத்தில் தம்முடைய வாயேதானா என்று தணிகாசலத்துக்கு இன்றுவரை தெரியாது. இதை அவர் கோமளாவிடம்கூடச் சொன்னதில்லை.

பங்குனி பிறந்த வாரம், காதர்பாட்சா கடை முன்னால் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. ரூபாவதியம்மா இறங்கினார். முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர்; கேட்பாரில்லாத பிணங்களை எடுத்துப் போய் அடக்கம் செய்ய நாலைந்து பேரைச் சேர்த்து ஒரு சங்கம் வைத்திருந்தார். அவருடைய சங்கத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான், அதையும் அவரேதான் போட்டார்: எவரும் மண்ணுக்குப் போகும்போது பக்கத்தில் இரண்டு பேராவது நின்றிருக்க வேண்டும். கூலிக்கு ஆள் பிடித்து நிறுத்தினால் அது நின்றதாகாது. அதனால் அவருக்கு ஆளே கிடைப்பதில்லை.

"ஹவில்தார் சார், உங்க ரெண்டு பேருக்கும் ஒரு வேலை கீது" என்றார்.

தணிகாசலம் என்ன வேலை என்று கேட்கவில்லை, என்ன கொடுப்பார்கள் என்றும் கேட்கவில்லை. "காலையில எத்தன மணிக்கு வரணும்?" என்றுதான் கேட்டார்.

"எட்டு."

வீட்டுக்குப் போய் "நாளைக்கு எட்டு மணிக்கு நான் போகணும்" என்றார். நிவேதா புத்தகத்திலிருந்து தலை தூக்கிப் பார்த்துச் சிரித்தாள். மறுநாள் கோமளா ஏழரை ஆகப்போகிற நேரத்தில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு, "ஒன்னு போதுமா, ரெண்டு கட்டணுமா?" என்றாள்.

"ஒன்னு போதும். அவன் சாப்ட மாட்டான்."

பதினோரு மாசத்தில் அவர் "அவன்" என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கோமளா டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். அதற்குள் கம்பெனி வேன் ஹாரன் அடித்துவிட்டது.

முதல் பிணம் ஒரு இளைஞன். ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தபடியே போயிருந்தான். எந்த ஊர், என்ன பாஷை, யாருக்கும் தெரியாது. கால் கட்டைவிரலில் ஒரு நம்பர் கட்டியிருந்தது. ஆற்றங்கரை இடுகாட்டு வாசலில் ஸ்ட்ரெச்சரை இறக்கி வைத்துவிட்டு வேன் டிரைவர் அடுத்த வேலைக்குப் போய்விட்டான். குழி வெட்டுகிற முனிரத்தினம் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

அந்த இடுகாட்டில் ஒரு வழக்கம். கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கல் நட்டிருக்கும். பிணத்தோடு உள்ளே போகிறவர்களை முனிரத்தினம் விரல் நீட்டி எண்ணி, கல்லின் இடது பக்கம் சுண்ணாம்பால் ஆளுக்கொரு கோடு போடுவார். திரும்பி வருகிறவர்களை எண்ணி வலது பக்கம் போடுவார். இரண்டும் சரியாக இருந்தால்தான் கேட்டைப் பூட்டுவார். அவர் அப்பனும் அப்படித்தான் செய்தாராம். வந்தவர்களில் ஒருத்தர் தங்கிவிட்டால் மண்ணுக்கு அது பழகிப்போய் அடுத்த ஆளைக் கேட்கும் என்று பயம்.

முனிரத்தினம் தணிகாசலத்தைப் பார்த்து விரலை நீட்டினார். "ஒன்னு. ரெண்டு." இரண்டு கோடு போட்டார். "உன்னப் பத்தி கேள்விப்பட்டேன்யா. வா."

தணிகாசலமும் முனிரத்தினமுமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். கயிற்றைக் கொடுத்து இறக்கும்போது, ஆளுக்கொரு முனை பிடித்தால் நடுவில் தொய்ய வேண்டிய உடம்பு தொய்யவில்லை. யாரோ இடுப்பைத் தாங்கிக்கொண்டிருக்கிற மாதிரி, பலகை போல நேராக இறங்கியது. முனிரத்தினம் அதைப் பார்த்தார். தணிகாசலம் மூன்று கைப்பிடி மண் போட்டார். மூன்றாவது பிடி விழுந்தபோது, பதினோரு மாசமாக வலது தோள் பக்கம், சட்டைக்குள் ஈரத்துணி வைத்தாற்போல நின்றுகொண்டிருந்த சில்லிப்பு விலகி, ஆற்று மணலிலிருந்து புறப்பட்டு வந்த அனல் காற்று அந்தத் தோளிலும் அடித்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. குழியை மூடி, மேட்டைத் தட்டி, கை கழுவிக்கொண்டு கேட்டுக்கு வந்தார்கள்.

முனிரத்தினம் விரலை நீட்டினார். "ஒன்னு."

விரல் அங்கேயே நின்றது. சுற்றிக்கொண்டு வந்து எண்ணினார். கொஞ்சம் தள்ளி நின்று எண்ணினார்.

"ஹவில்தாரே, ரெண்டு பேரு வந்தீங்க."

"ஆமா."

"ஒருத்தருதான் போற."

முனிரத்தினம் சுண்ணாம்புக் கட்டியை உள்ளங்கையில் உருட்டினார். நல்ல மனுஷர், அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"இத பாரு. ரெண்டுன்னே கோடு போட்டுடறேன். யாரு வந்து பாக்கப் போறாங்க? அந்த அம்மாவுக்கு ரெண்டு பேருன்னாதான் கணக்கு. ஒத்த ஆளுன்னு தெரிஞ்சா நாளைக்கு உன்ன ஏன் கூப்புடுவாங்க? எல்லாம் சரின்னு சொல்லிட்டுப் போய்ட்டே இரு."

எல்லாம் சரி என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொன்னால் நாளை எட்டு மணிக்கு வேன் வரும், நாளன்றைக்கும் வரும், மகள் அந்தக் கோட்டை அழித்துவிட்டு ஏதாவது எழுதுவாள். அவருக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. தண்ணீர் மாதிரி வேண்டியிருந்தது. வெயில் தலைக்கு மேலே வந்து நின்றது. தணிகாசலம் இரண்டு குதிகாலையும் சேர்த்தார், கைகளைப் பக்கவாட்டில் இறக்கினார், எதிரே மம்பட்டிக்காரரைத் தவிர யாரும் இல்லாத அந்த இடத்தில் நிமிர்ந்து நின்று, ஒரு மைதானத்துக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"ஒரு ஆள் குறைவு."

வேலிக் காட்டிலிருந்து மைனாக்கள் எழுந்து பறந்தன.

"பேரு ஈரண்ணா. உள்ள கீறான்." அவர் உடம்பைத் தளர்த்தவில்லை. "நான்தான் இட்டுனு வந்தேன். நான்தான் உட்டுட்டு வரேன்."

முனிரத்தினம் வலது பக்கம் ஒரே ஒரு கோடு போட்டார். "சொந்தமா?"

"எங்கூட வேலை செஞ்ச பையன்."

"வயசு?"

"இருவத்தி மூணு."

"இருக்கட்டும். எடம் நெறைய கீது."

பிறகு அவர் மடியிலிருந்து போனை எடுத்து, கொஞ்சம் தள்ளிப் போய் நின்று ரூபாவதியம்மாவிடம் பேசினார். "ஆமாம்மா... இப்ப ஒருத்தருதாம்மா... அவரே சொன்னாரு, நான் கேக்கல." அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ பேச்சு வந்தது. முனிரத்தினம் போனை மூடாமலே இங்கே திரும்பினார்.

"நாளைக்கு எட்டு மணிக்கு ஒரு கெழவி கீதாம். ஒத்த ஆளா வருவியான்னு கேக்கறாங்க. ரெண்டாவதுக்கு, மம்பட்டிய கீழ வெச்சுட்டு நான் நிக்கறேன். இன்னா சொல்ற?"

"வரேன்" என்றார் தணிகாசலம்.

அன்றைக்கு ஊருக்குள் நடந்து வரும்போது மூன்று பேர் அவர் ஆளைப் பற்றி விசாரித்தார்கள். "நான் மட்டும்தான்" என்று மூன்று பேருக்கும் ஒரே மாதிரி சொன்னார். அவர்கள் கொஞ்சம் ஏமாந்த மாதிரி பார்த்துவிட்டு, சரி என்று போனார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் அதற்கப்புறம் அவரைக் கூப்பிடவில்லை. அவர் சேர்ந்தால் மூன்றாகிவிடுமே. தினம் எட்டு மணிக்கு வெள்ளை வேன் வந்து ஒரே ஒரு மனிதரை ஏற்றிக்கொண்டு போகிறது. அவர் ஜன்னல் ஓரம் உட்காராமல், வலது பக்கம் ஒரு ஆள் இடத்தைக் காலியாக விட்டு உட்காருகிறார். அங்கே யாரும் இல்லை என்று அவருக்கும் தெரியும், டிரைவருக்கும் தெரியும்.

அந்த இடுகாட்டுக் கேட்டை இப்போது பூட்டுவதில்லை. ஆடு மாடு புகுந்து மேட்டை எல்லாம் மிதிக்கிறதே, ஒரு பூட்டுப் போட்டால் என்ன என்று கேட்கிறவர்களிடம், ஒருத்தன் உள்ளே இருக்கும்போது எப்படிப் பூட்டறது என்று முனிரத்தினம் திருப்பிக் கேட்கிறார். கேட்டவர்களுக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.